கீரனூர் குவாரியில் ஊளையிட்ட டிப்பர்

கியர்பாக்ஸ் பார்ப்பது என் தொழில். கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து போகும் லாரிகளில் எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் செய்தாலும் கடைசியில் என் பட்டறை வாசலில்தான் வந்து நிற்கும். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானேதான் பரப்பினேன் என்பாள் என் மனைவி. எப்படியோ, அதைத் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர் வரை போய், கந்தலாகாமல் திருப்பிக் கொண்டுவந்த கதை இது.

என்னைக் கூப்பிட்டவன் காதர். பல வருடம் என் பட்டறையில் வேலை பார்த்தவன். அவன் கைக்கு அடங்காத போல்ட்டை நான் பார்த்ததில்லை. போதும் பாஸ், பிள்ளை வளர்வதை போனிலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டான். போனவன் ஏதோ சுரங்கத்து ஏலத்தில் ஒரு பழைய டிப்பர் எடுத்தான். முழு ஆட்டோமேட்டிக், கிளட்ச் மிதியே கிடையாது. கீரனூர்ப் பக்கத்து குவாரியிலிருந்து கிரஷருக்குக் கல் ஓட்டும் வேலையும் கிடைத்தது. கொஞ்ச நாள்தான் ஓடியது. பிறகு லாரி ஊளையிட ஆரம்பித்துவிட்டது.

உள்ளூர் மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போச்சு என்று சொல்லிவிட்டார்கள். கழற்றிவிட்டு சாதாரண கியர்பாக்ஸ் மாட்டு, இல்லையென்றால் காயலான் கடைக்குப் போடு என்பது அவர்கள் தீர்ப்பு. கிரஷர் மேனேஜர் அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் லாரி ஒழுங்காக ஓட வேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று கெடு வைத்தார். அன்று காதர் எனக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"பாஸ், என் பழைய எடம் இன்னும் இருக்கா?"

இருக்கிறது என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அவன் போன பிறகு பட்டறையில் எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் நான் பார்க்காத ஒரு கியர்பாக்ஸை எவனோ செத்துப்போச்சு என்று சொல்வதா? அடுத்த வாரமே திருச்சியில் போய் இறங்கினேன்.

காதர் பஸ்ஸில் அழைத்துப்போக வந்திருந்தான். கீரனூர் போகும் பஸ்ஸில் ஓட்டுநர் ஒரு கையால் ஸ்டீயரிங்கும் ஒரு கையால் கியரும் ஆட்டிக்கொண்டு, இடையில் ஹாரனும் அடித்துக்கொண்டு போனார். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அடியில் எலும்பு நொறுங்குகிற சத்தம். எனக்குத்தான் பல் கூசியது. பஸ்ஸில் வேறு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு லாரியின் சத்தத்தைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறோமே என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

வீட்டு வாசலில் காதரின் மனைவி ஜமீலா, "வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றாள். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்லும் அதே வார்த்தை. கடல் கடந்து வந்தும் அது என்னை விடாமல் வரவேற்றதில் மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் முற்றத்தில் ஒரு பெரிய நீலப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து காதர் திரும்பியபோது நான் வாங்கிக் கொடுத்த பெட்டி. பரண்மேல் கிடந்ததை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த வீட்டில் என் வரவு எதற்கு அடையாளம் என்று அப்போதே புரிந்துவிட்டது.

ஜமீலாவின் பிறந்த வீடு கடற்கரைப் பக்கம். அங்கிருந்து வந்த மீனில் குழம்பு வைத்திருந்தாள். நாங்கள் மீன் குழம்பில் தேங்காய்ப்பாலை ஊற்றிக் குழந்தைக்குக் கொடுக்கிற பக்குவத்தில் ஆக்குவோம். இது புளியும் மிளகாயுமாக ஆளை உட்காரவைத்து வியர்க்கவைத்தது. மூன்றாம் தடவை சோறு வாங்கிய பிறகுதான் லாரி ஞாபகம் வந்தது.

குவாரியில் டிப்பர் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் செல்வராசு வல்லத்திராக்கோட்டைக்காரர். வேலை நாட்களில் லாரியிலேயே படுத்துக்கொள்வார். நெற்றியில் திருநீறு, சட்டையில் ஒரு கறை இல்லை. லாரியும் அப்படித்தான் இருந்தது. கண்ணாடி பளபளத்தது. பின்கதவைத் தட்டிவிட்டேன், ஒரு கிரீச் கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறந்தது. டிப்பர் பின்கதவு அழாமல் திறந்து நான் பார்த்ததே இல்லை. நல்ல ஆள் கையில்தான் வண்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வாடிக்கையாளர்கள் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வருவார்கள். இங்கே எல்லாரும் வாயாலேயே செய்து காட்டினார்கள். குவாரி வாட்ச்மேன் கொசு மாதிரி ரீங்காரம் போட்டார். கல் உடைக்கும் ஒருவர் பழைய கிரைண்டர் மாதிரி கரகரத்தார். டீக்கடைக்காரர் அதெல்லாம் இல்லை என்று நாய் மாதிரி ஊளையிட்டார். கடைசியில் செல்வராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே, மெல்ல ஆரம்பித்து மேலே மேலே ஏறி இழுக்கும் ஒரு சத்தத்தைத் தொண்டையிலிருந்து எடுத்தார். அப்படியே கண்ணை மூடிக் கேட்டேன். அசல்.

"தளத்துல நிக்கையில சத்தமே இருக்காது சார். பள்ளத்துலேருந்து லோடோட ஏத்தத்துல ஏறுறப்பத்தான் கத்துது," என்றார்.

பாதி நோயை அவரே சொல்லிவிட்டார். நான் லாரியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். குவாரிப் பள்ளத்திலிருந்து சரிவில் ஏறும்போது அவர் தொண்டையில் வந்த அதே ஊளை என் காலடியிலிருந்து கிளம்பியது. இன்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. இளநீர் முடியும் நேரத்தில் உறிஞ்சு குழல் போடுமே, அந்தச் சத்தத்தின் பெரியண்ணன் அது. கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் குறைவாக இருந்தால், ஏற்றத்தில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பம்பு எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அப்போது இப்படித்தான் அலறும்.

மேலே வந்து சமதரையில் நிறுத்தச் சொல்லி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸின் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்த்தேன். கம்பியின் நுனியில்தான் ஈரம். வந்துபோன மெக்கானிக்குகள் எல்லாரும் எண்ணெய் சரியாக இருக்கிறது என்று சொன்னார்களாம். எப்படிப் பார்த்தார்களோ என்று நான் கொஞ்சம் இளக்காரமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே திரும்பி வரப்போகிறது என்று தெரியாது.

மறுநாள் எண்ணெய் வாங்கப் புதுக்கோட்டை போனேன். முதல் கடைக்காரர் சாதாரண கியர் ஆயிலை எடுத்து வைத்து, எல்லாம் ஒன்றுதான் சார் என்றார். ஒன்றில்லை என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. நாலு கடை ஏறி இறங்கி, ஆட்டோமேட்டிக்குக்கு உரிய சிவப்பு எண்ணெயைப் பிடித்தேன். ஒரு மெஸ்ஸில் சோற்றோடு முட்டை மாஸ் கொடுத்தார்கள். முட்டையும் வெங்காயமும் மசாலாவில் புரண்டு கிடந்தன. அதைச் சாப்பிட்டுவிட்டு, இந்த மாவட்டத்துக்காரன் ஏன் வெளிநாடு போகிறான் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது கண்டக்டர் எண்ணெய் கேனைப் பார்த்துவிட்டு, டீசல் மாதிரி இருக்கிறது, பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று மறித்தார். நான் என் மலேசியத் தமிழில் வாதாடினேன். அது அவருக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா கேனை வாங்கித் தன் காலடியில், கீரைக்கட்டுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "இது என் சாமான். பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸுல டிக்கெட்டு கெடையாதே, பேசாம விசில ஊது," என்றார். கண்டக்டர் ஊதினார். இறங்கும்போது அந்த அம்மா என்னிடம், விளக்கெண்ணெயா தம்பி, இவ்வளவு எதற்கு என்று கேட்டார். ஒரு லாரிக்கு வயிறு சரியில்லை என்றேன். அதை அவர் முழுசாக ஏற்றுக்கொண்டார்.

சாயங்காலம் இன்ஜினை ஓடவிட்டு, சூடேற்றி, கம்பியைப் பார்த்துப் பார்த்து எண்ணெயை ஊற்றினேன். செல்வராசு தாடையில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். லோடோடு ஏற்றத்தில் ஏறினோம். ஊளை இல்லை. இன்னொரு தடவை ஏறினோம். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் மட்டும்தான்.

அன்றைக்குக் கீரனூர் கடைத்தெருவில் பரோட்டாவும் சால்னாவும் என் பெயரில் பறந்தன. எங்கள் ஊர் ரொட்டி சானாய் மெலிசாக, பருப்புக் குழம்போடு சாதுவாக வரும். இங்கே பரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து உதிர்த்து, சால்னாவில் முக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். நான் வந்ததிலிருந்து முதல் தடவையாகக் காதர் வாய்விட்டுச் சிரித்தான். நான் சத்தத்தின் இலக்கணத்தை ஒரு பிரசங்கமாகவே செய்தேன். வீட்டுக்குத் திரும்பியபோது நீலப் பெட்டி முற்றத்தில் இல்லை. ஜமீலா அதை அறைக்குள் எடுத்து வைத்திருந்தாள். பரண்மேல் ஏற்றவில்லை.

அவள் செய்தது சரிதான். மறுநாள் முற்பகலிலேயே காதர் போன் செய்தான். லாரி மறுபடி கத்துகிறது.

ஓடிப் போய்க் கம்பியை உருவினேன். பழையபடி நுனியில் ஈரம். நான் ஊற்றிய எண்ணெய் மாயமாகிவிட்டது. அடியில் அட்டையை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கூலர் குழாய்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், காய்ந்த துணி காய்ந்தபடியே வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருக்குமோ என்று திறந்தேன், கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. கடைசியில் கியர்பாக்ஸின் அடித்தட்டையே கழற்றிப் பார்த்தேன். உள்ளே இரும்புத் துகள் இல்லை. நோயாளி சாகவில்லை, சாகும் உத்தேசமும் இல்லை. ரத்தம்தான் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் முகத்தில் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. டீக்கடைக்காரர் என் காதுபடவே ஒருமுறை ஊளையிட்டுக் காட்டினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடித்தட்டை மாட்டி, மிச்சமிருந்த எண்ணெயையும் ஊற்றி அளவை நிரப்பினேன். செல்வராசு அதே இடத்தில், அதே மாதிரி தாடையில் கைவைத்து நின்றார். லாரி சத்தமில்லாமல் ஏறியது. இந்தத் தடவை யாரும் பரோட்டா வாங்கித் தரவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். நாளை வெள்ளிக்கிழமை, அதற்கு மறுநாள் கெடு. நான் பம்பு, சீல், வால்வு என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டு எடுக்க வந்த ஜமீலா நின்றாள்.

"எனக்கு லாரியப் பத்தித் தெரியாதுண்ணே. வீட்டுல சீனி கொறஞ்சா நான் டப்பாவுல ஓட்டை இருக்கான்னு தேட மாட்டேன். யாரு டீ போட்டதுன்னுதான் கேப்பேன்."

காதருக்கு முகம் சிவந்துவிட்டது. செல்வராசண்ணனைச் சொல்கிறாயா, அவர் என் வண்டியிலிருந்து ஒரு குண்டூசி எடுக்க மாட்டார் என்றான். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மூன்று நாளாக நான் இயந்திரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன், மனுஷர்களைப் பார்க்கவில்லை. முற்பகலில் எண்ணெய் இல்லை, முந்தின சாயங்காலம் இருந்தது. நடுவில் ஒரு காலை இருக்கிறது. அந்தக் காலையை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காதர் விடியல் தொழுகைக்குப் போனதும், அவன் பைக்கை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். வழியில் ஒரு ஆட்டுக்கூட்டம் ரோட்டைத் தன் பெயரில் எழுதிவைத்த மாதிரி நின்றது. ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்ததே தவிர நகரவில்லை. இறங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

செல்வராசு குளித்துத் திருநீறு பூசி, டயர்களுக்குத் தண்ணீர் தெளித்து, டாஷ்போர்டில் ஊதுபத்தி செருகிவைத்திருந்தார். பிறகு இன்ஜினைத் தொடுவதற்கு முன்னாலேயே ஆயில் கம்பியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு, மறுபடி உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாயும், மாட்டுக்கு மருந்து புகட்டும் பெரிய பிளாஸ்டிக் ஊசியும் எடுத்தார். கம்பி போகும் துளைக்குள் குழாயை விட்டு, என் சிவப்பு எண்ணெயை நிதானமாக உறிஞ்சி ஒரு கேனில் விட ஆரம்பித்தார்.

நான் கூப்பிட்டதும் பதறவில்லை. சங்கடப்பட்டார். அதுதான் விசித்திரம். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அவர், ஆனால் என்னைப் பார்த்துப் பாவப்பட்டவர் மாதிரி நின்றார்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க ரெண்டு தடவையும் அளவுக்கு மேல ஊத்திட்டீக. கூடுனா சீலு பிச்சுக்கும். கடலு தாண்டி வந்த ஆளு, பாய் முன்னாடி வச்சு எப்படிச் சொல்றது? ஒங்களுக்குக் கொறச்சலாப் போயிருமேன்னு காலையில நானே சரி பண்ணி விட்டுட்டேன். எடுத்தது பூரா கேன்ல இருக்கு. கதவுக் கீலுக்கு ரெண்டு சொட்டு விட்டேன், அம்புட்டுத்தான்."

சத்தமில்லாத பின்கதவு ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது, அழுகையும் கொஞ்சம் வந்தது. வாழ்க்கை முழுக்க அவர் ஓட்டிய லாரிகளில் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஆயில் பார்க்க வேண்டும். பொறுப்பான டிரைவர் அதைத்தான் செய்வார். ஆனால் இந்தக் கியர்பாக்ஸில் இன்ஜின் நின்றதும் மேலே இருக்கும் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கிவிடும். அப்போது கம்பியைப் பார்த்தால் ததும்புகிற மாதிரிதான் காட்டும். மெக்கானிக்குகளும் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பார்த்திருக்கிறார்கள். இந்த வண்டிக்கு வேலைக்கு வந்த முதல் நாளே அவர் கூடுதல் என்று எடுத்திருக்கிறார், அன்றிலிருந்து ஊளை. லாரிக்கு வந்த நோய் அலட்சியத்தால் வந்ததே இல்லை, அக்கறையால் வந்தது. அதை நான் குணப்படுத்தியபோதெல்லாம் மரியாதையால் திரும்பி வந்தது.

வாயால் சொல்லி விளக்கவில்லை. கேனிலிருந்து அன்று காலை உறிஞ்சிய அளவை மட்டும் மறுபடி ஊற்றிவிட்டு, அவரையே கம்பியைப் பார்க்கச் சொன்னேன். ததும்பியது. இன்ஜினைப் போட்டு, குவாரியை ஒரு சுற்று சுற்றிவந்து, சமதரையில் நிறுத்தி, ஓடும்போதே பார்க்கச் சொன்னேன். கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார். அளவு சரியாகக் கோட்டில் இருந்தது. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாந்தான் பாய் பொழப்பக் கெடுத்தேனா சார்?"

கெட்டிருந்தால் நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்க மாட்டேன், உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. காதர் வந்ததும் எழுந்து, பாய், ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்தேன். இந்த மாதிரி வண்டிக்கு இன்ஜின் ஓட்டத்தில்தான் ஆயில் பார்க்க வேண்டும், அதை டிரைவருக்கு நான் முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன் என்றேன். அவர் இரண்டு நாளாக என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார், ஒரு காலையாவது நான் பதிலுக்குச் செய்ய வேண்டாமா? காதர் அவரையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், கேனையும் பார்த்தான். என் பட்டறையில் வேலை பழகியவன், அவனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

"செல்வராசண்ணே, லோடு ஏத்துங்க," என்றான்.

சனிக்கிழமை மேனேஜர் தானே வந்து பள்ளத்தின் உச்சியில் நின்றார். நானும் காதரும் பக்கத்தில் நின்றோம். டிப்பர் நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி கல்லைச் சுமந்துகொண்டு அடியிலிருந்து கிளம்பியது. செங்குத்தான இடம் வந்தது. என் காது மட்டுமல்ல, வாட்ச்மேன், டீக்கடைக்காரர், கல் உடைப்பவர்கள் எல்லார் காதும் அங்கேதான் இருந்தது. கியர் தானாக ஒரு படி இறங்கியது, வண்டி ஒரே சீராக ஏறியது. மேலே வந்ததும் செல்வராசு, வண்டியை நிறுத்தி இன்ஜின் ஓடும்போதே இறங்கி, முதல் வேலையாகக் கம்பியை உருவி மேனேஜரிடம் நீட்டினார். அவருக்கு அதில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை. ஆனாலும் மரியாதையாகப் பார்த்தார். திங்கட்கிழமை முதல் இன்னும் ஒரு நடை சேர்த்து ஓட்டச் சொன்னார். டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஊளையிடவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு உடம்பு முழுக்க இருந்தது. பட்டறையில் என் வலது கை இனி வரப்போவதில்லை என்ற வருத்தம் அதற்கு அடியில் இருந்தது. மேலே இருந்ததுதான் பெரிது. காதரின் மகள் வாசலுக்கு ஓடி வந்து, அத்தா, லாரி சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அவன் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தான்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த நீலப் பெட்டி கூடத்தில் பூட்டி, கயிறு கட்டி நின்றது. காதரும் கிளம்புகிறானோ என்று நினைத்தேன். தூக்கிப் பார்த்தேன், கல் மாதிரி கனத்தது. கந்தர்வக்கோட்டை முந்திரியும், கருவாடும், என் மனைவிக்குச் சேலையும், மீன் குழம்பு மசாலாவும் உள்ளே இருப்பதாக ஜமீலா சொன்னாள். சாமானை எடுத்துக்கொண்டு பெட்டியை யார் மூலமாவது அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

"வேணாம்ணே," என்றாள். "அது அங்கிட்டே இருக்கட்டும்."